பிரிந்தால் தீருமா?

கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வாய் திறந்தால் நம் ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, அனுசரித்துப் போ. மற்றொன்று, விட்டுவிட்டு வர வேண்டியதுதானே. முதல் பதிலின் கொடுமையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இரண்டாவது பதில் அக்கறையோடு சொல்லப்படுவதால் அதை உரசிப் பார்ப்பவர்கள் குறைவு. வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுச் சட்ட வரலாறும் கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளும் இந்த நம்பிக்கையைத் தகர்க்கின்றன. மனைவியின் ஒவ்வோர் அசைவையும் தன் கையில் வைத்திருந்த ஒருவனை விட்டு அவள் விலகும் காலமே அவள் உயிருக்கு மிக ஆபத்தான காலம். அந்த ஆபத்து பெரும்பாலும் முன்னறிவிப்போடுதான் வருகிறது. அறிகுறிகள் உறவினருக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தெரிந்தே இருந்திருக்கின்றன. அவற்றை வரிசையாகக் கேட்டு, பதிந்து, அன்றைக்கே செயல்பட வேண்டிய கடமை மட்டும் எவர் கையிலும் ஒப்படைக்கப்படவில்லை. அந்தக் கடமை பிற நாடுகளில் எப்படி உருவானது என்பதன் வரலாறு இன்று நம் குடும்ப நீதிமன்றங்களுக்கும் மகளிர் காவல் நிலையங்களுக்கும் நேரடியாகப் பயன்படக்கூடியது.

பிரிவையே தீர்வாக வைத்த சட்டம் ஒன்று 1878இல் இங்கிலாந்தில் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஃபிரான்சிஸ் பவர் காப் என்ற எழுத்தாளர், மனைவியர் அனுபவிக்கும் சித்திரவதைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அடித்த கணவனுக்கு அபராதமோ சிறையோ விதித்துவிட்டு, அவன் திரும்பி வரும் அதே வீட்டில் மனைவியை விட்டுவைப்பதில் என்ன நியாயம் என்பது அவருடைய வாதம். அதே ஆண்டு நிறைவேறிய திருமண வழக்குகள் சட்டம், கொடிய தாக்குதலுக்காகக் கணவன் தண்டிக்கப்பட்டால், மனைவி இனி அவனோடு வாழக் கடமைப்பட்டவள் அல்ல என்று உத்தரவிடும் அதிகாரத்தைக் கீழ் நீதிபதிகளுக்குக் கொடுத்தது. ஜீவனாம்சமும், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொறுப்பும் அதோடு சேர்ந்து கிடைக்கலாம். அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: மனைவியின் எதிர்காலப் பாதுகாப்பு ஆபத்தில் இருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். நடந்த காயத்தோடு நில்லாமல், இனி நடக்கப் போவதையும் யோசிக்கச் சொன்ன நிபந்தனை அது. எதை வைத்து நீதிபதி அதை முடிவு செய்வது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. உத்தரவை வாங்கிக்கொண்டு அவள் எங்கே போவாள், அவன் பின்தொடர்ந்தால் யார் தடுப்பார்கள் என்பதையும் சொல்லவில்லை. 1895இல் வந்த சட்டம் தொடர் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கும் இந்த வழியைத் திறந்தது. ஆனால் கொடுமை தாங்காமல் அவள் முதலில் வெளியேறியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மனுப் போடலாம். மிக ஆபத்தான அடியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று சட்டமே சொன்னதாகத்தான் இதற்குப் பொருள்.

வெளியேறிய பெண்ணைத் துரத்திப் பிடிப்பது கணவனின் உரிமை என்ற எண்ணம் அன்று எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இங்கிலாந்தின் கிளித்தெரோ வழக்கு சாட்சி. கணவனோடு வாழ மறுத்துத் தன் குடும்பத்தாரோடு இருந்த ஒரு பெண்மீது, சேர்ந்து வாழ வேண்டும் என்ற தீர்ப்பைக் கணவன் முன்பே வாங்கியிருந்தான். 1891 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சகோதரியோடு தேவாலயத்திலிருந்து வெளியே வந்தபோது, இரண்டு ஆட்களோடு காத்திருந்த அவன் அவளைப் பிடித்து இழுத்துக் குதிரை வண்டிக்குள் தள்ளினான். பிளாக்பர்ன் நகரத்தில் ஒரு வீட்டில் அடைத்து வைத்தான். அவனோடு வந்தவர்களில் ஒருவர் அவனுடைய வழக்கறிஞரிடம் தொழில் பழகியவர். ஆட்கொணர்வு மனுவை முதலில் விசாரித்த நீதிமன்றம் அதில் தவறு காணவில்லை. மேல்முறையீட்டில் ஹால்ஸ்பரி பிரபு உள்ளிட்ட மூன்று நீதிபதிகள், மனைவியை அடைத்து வைக்கக் கணவனுக்கு உரிமை கிடையாது என்று சொல்லி அவளை விடுவித்தார்கள். தேவாலய வாசலில் அத்தனை பேர் பார்த்திருக்க ஒரு பெண்ணைத் தூக்கிச் செல்லலாம் என்ற துணிச்சலை அவனுக்குக் கொடுத்தது கையில் இருந்த நீதிமன்றத் தீர்ப்பு. அத்தகைய தீர்ப்புக்குக் கீழ்ப்படியாதவர்களைச் சிறையில் அடைக்கும் வழக்கத்தை இங்கிலாந்து 1884இல் கைவிட்டிருந்தது. இந்தியாவில் அது தொடர்ந்தது. சிறுவயதில் செய்துவைத்த திருமணத்தை ஏற்க மறுத்த ருக்மாபாய்க்கு, கணவனிடம் போக வேண்டும், மறுத்தால் ஆறு மாதச் சிறை என்று 1887இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. சிறைக்கே போகிறேன் என்றார் அவர். அங்கே அடி உதை பிரச்சினையாக இல்லை. ஆனால் விலகிய பெண்ணைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நீதிமன்றத்தின் வேலை என்ற எண்ணம் இரண்டு வழக்குகளிலும் ஒன்றே. சேர்ந்து வாழச் சொல்லும் அந்த வழக்கு முறையை இங்கிலாந்து 1970இல் அடியோடு ஒழித்தது. இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவாக அது நம்மிடம் நீடிக்கிறது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி அதை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றார். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது.

விலகிய பிறகு என்ன நடக்கிறது என்பதை முதலில் நேரில் பார்த்தவர்கள் பெண்கள் காப்பகங்களை நடத்தியவர்கள். 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்ஸி தொடங்கிய இல்லத்தைப் போன்றவை பல நாடுகளில் எழுந்தன. தப்பி வந்தவளைக் கணவன் தேடி வருவான், வேலை செய்யும் இடத்தில் நிற்பான், குழந்தையின் பள்ளி வாசலில் காத்திருப்பான் என்பது அங்கே அன்றாட அனுபவம். முகவரியை வெளியே சொல்லாமல் இருப்பது காப்பகத்தின் அடிப்படை விதிகளில் ஒன்றானது அதனால்தான். இந்த அனுபவ அறிவு காவல் துறைக்குப் போய்ச் சேரவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டொரிங்டன் என்ற சிறிய நகரத்தில், கணவனை விட்டு விலகி நண்பர்கள் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண் 1982 அக்டோபரிலிருந்து மாதக்கணக்கில் புகார் கொடுத்துவந்தார். கொலை மிரட்டல் இருந்தது. நீதிமன்றத்தின் தடை உத்தரவும் இருந்தது. 1983 ஜூன் 10 அன்று அவன் வாசலில் வந்து நின்றதும் அவர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். காவலர் ஒருவர் வந்து சேர ஏறத்தாழ 25 நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவர் உடலில் 13 கத்திக் குத்துகள். உயிர் பிழைத்த அவர் நகரத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1985இல் நடுவர் குழு 23 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அடுத்த ஆண்டு அந்த மாநிலம் குடும்ப வன்முறைச் சட்டத்தையே மாற்றி எழுதியது. இந்த வழக்கில் எதுவும் மறைவாக இல்லை. பிரிவு, மிரட்டல், பின்தொடர்தல், உத்தரவை மீறுதல் என ஒவ்வொன்றும் காவல் நிலையத்துக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சில்லறைத் தகராறாகப் பார்த்ததால் அவற்றின் கூட்டுத்தொகை யார் கண்ணிலும் படவில்லை.

அந்தக் கூட்டுத்தொகையைப் போடும் முறையை உருவாக்கியவர் ஒரு செவிலியர். ஜாக்குலின் கேம்பல் 1985இல் தயாரித்து அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆபத்து மதிப்பீட்டுத் தாளில் 15 கேள்விகள் இருந்தன; பின்னாளில் அவை 20 ஆயின. கழுத்தை நெரித்தானா, ஆயுதம் இருக்கிறதா, கொன்றுவிடுவேன் என்றானா, தற்கொலை செய்துகொள்வேன் என்றானா, உன் அன்றாடத்தை முழுதும் அவனே தீர்மானிக்கிறானா என்று ஆம், இல்லை பதிலுக்கான கேள்விகள். கேள்விகளுக்கு முன்னால் ஒரு நாட்காட்டி இருக்கும். கடந்த ஓராண்டில் எந்தெந்த நாள் அடி விழுந்தது, எவ்வளவு கடுமையாக என்று அந்தப் பெண்ணே அதில் குறிக்க வேண்டும்; கடுமைக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண். இந்த நாட்காட்டியில் பெரிய நுட்பம் இருக்கிறது. வாயால் கேட்டால் எப்போதாவது கோபம் வரும் என்று சொல்லிவிடுபவர், தீபாவளி, குழந்தையின் பிறந்தநாள், அம்மா வீட்டுக்குப் போன நாள் என்று நினைவுபடுத்திக் கட்டங்களில் எண் எழுதத் தொடங்கியதும், ஆரம்பத்தில் இருந்த இடைவெளி போகப் போகக் குறைவதையும் எண்கள் கூடுவதையும் தன் கண்ணாலேயே பார்க்கிறார். கேம்பலின் பிற்கால ஆய்வில், கொல்லப்பட்ட அல்லது கொலை முயற்சிக்கு ஆளான பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தங்களுக்கு இருந்த ஆபத்தைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். வருடக்கணக்கில் அஞ்சி வாழ்பவருக்கு அச்சத்தின் அளவே மரத்துப்போகிறது என்பதற்கு அது சான்று.

இந்தத் தாளில் பிரிவு என்ற ஒரு கேள்விக்கு இருக்கும் கனத்தைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. 1991இல் சட்டப் பேராசிரியர் மார்த்தா மஹோனி, பிரிவைத் தடுக்கவும் பிரிந்ததற்குப் பழிவாங்கவும் திரும்பவும் இழுத்து வரவும் நடக்கும் தாக்குதல்களைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். ஏன் விட்டு வரவில்லை என்று நீதிமன்றங்கள் கேட்கும் கேள்வி, விட்டு வந்தவர்களுக்கு நடந்ததை மறைக்கிறது என்றார். 1993இல் மார்கோ வில்சனும் மார்ட்டின் டேலியும் கனடா, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், சிகாகோ ஆகிய மூன்று இடங்களின் கொலைப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். சேர்ந்து வாழும் மனைவியைவிடப் பிரிந்து வாழும் மனைவி கணவனால் கொல்லப்படும் வாய்ப்பு மூன்றிலும் கூடுதலாக இருந்தது. கேம்பலும் சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட, 11 அமெரிக்க நகரங்களில் நடந்த ஆய்வு, கொல்லப்பட்ட 220 பெண்களை, அடி வாங்கியும் உயிரோடிருந்த 343 பெண்களோடு ஒப்பிட்டது. மிகவும் ஆட்டிப்படைக்கும் கணவனும், சேர்ந்து வாழ்ந்த பிறகான பிரிவும் ஒன்றுசேரும்போது கொலை ஆபத்து ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அவன் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் ஐந்து மடங்கு. முன்பு கழுத்து நெரிக்கப்பட்டவர்கள் பின்னால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. கொலையுண்ட பெண்களில் 76 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் பின்தொடரப்பட்டவர்கள் என்பது 1999இல் வந்த ஆய்வின் முடிவு. இவையெல்லாம் அமெரிக்க எண்கள். மடங்குகளை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் அவை சுட்டும் காரணம் எல்லைகளுக்குள் அடங்குவதில்லை. அதிகாரத்துக்காக அடிப்பவனுக்கு, அவள் வெளியேறும்போது அந்த அதிகாரமே கைநழுவுகிறது.

காரணம் தெரிந்தால் அறிகுறிகளைப் படிப்பது எளிது. காயத்தின் ஆழத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வக்கீல் நோட்டீஸ் போன நாளிலிருந்து அவன் ஒரே நாளில் முப்பது முறை கூப்பிடுகிறானா, கைபேசியில் அவள் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா, அலுவலகத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் வருகிறானா, நீ இல்லாவிட்டால் நானும் இல்லை என்கிறானா, எனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக் கூடாது என்கிறானா, குழந்தையைப் பார்க்க வரும் நேரத்தை அவளை விசாரிக்கும் நேரமாக்குகிறானா என்பவை காயமே இல்லாத அறிகுறிகள். சண்டை எல்லாம் அடங்கி, கடைசியாக ஒரே ஒரு தடவை தனியாகப் பேசிக்கொள்ளலாம் வா என்று அழைப்பதும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியதுதான். கழுத்தில் கை வைத்தது ஒரு முறை என்றாலும், தழும்பு இல்லை என்றாலும், அது அறிகுறிகளின் முன்வரிசையில் நிற்கிறது.

இந்த அறிவைச் செயலாக மாற்றியதில் இரண்டு முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் 2005 வாக்கில் உருவான முறையில், வீட்டுக்கு வரும் காவலர் 11 கேள்விகள் கேட்கிறார். ஆபத்து தெரிந்தால் அங்கேயே நின்று காப்பகத்தின் எண்ணை அழைத்து, அந்தப் பெண்ணைப் பேசவைக்கிறார். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாம்மா என்று அனுப்பிவைப்பதற்கு அங்கே இடமில்லை. வேல்ஸின் கார்டிஃப் நகரத்தில் 2003இல் காவல் துறை, மருத்துவமனை, வீட்டுவசதித் துறை, குழந்தைகள் நலத் துறை, பெண்கள் அமைப்புகள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து, மிக ஆபத்தில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் யார் என்ன செய்வது என்று முடிவெடுக்கும் கூட்டம் தொடங்கியது. பிறகு அது பிரிட்டன் முழுதும் பரவியது. சட்டம் அங்கேயும் பின்னால்தான் வந்தது. ஆட்டிப்படைக்கும் நடத்தையை 2015இல் குற்றமாக்கிய சட்டம், உறவு முறிந்து தனித்தனியாக வாழ்பவர்களுக்குப் பொருந்தவில்லை. 2021இல் செய்த திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது. 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. விலகிய பிறகும் வன்முறை தொடரும் என்பதை எழுத்தில் ஏற்க, 1878இலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இந்தியச் சட்டத்துக்கு இந்த உண்மை தெரியாது என்று சொல்ல முடியாது. பிரிந்து வாழும் மனைவியைக் கணவன் வன்புணர்வதை 1983இலேயே தனிக் குற்றமாக்கினோம். நீதிமன்றத் தீர்ப்பாலோ வழக்கத்தாலோ பிரிந்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை 2013இல் தளர்த்தி, எவ்வகையில் பிரிந்திருந்தாலும் குற்றம் என்றாக்கினோம். 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம், எப்போதாவது ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களையும் உள்ளடக்குகிறது. மனு கிடைத்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை வைக்கச் சொல்கிறது. 23ஆம் பிரிவில் மறுதரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடலாம். அதன் விதிகளில் பாதுகாப்புத் திட்டம் என்றே ஒரு படிவம் உண்டு. நடந்த வன்முறை, அதன் விளைவு, இனி நடக்குமோ என்ற அச்சம், தேவையான ஏற்பாடு என வரிசையாக நிரப்ப வேண்டிய படிவம் அது. கேம்பலின் தாளுக்கு உறவுமுறை என்றே சொல்லலாம். ஆனால் பெரும்பாலான திருமண வழக்குகள் போகும் பாதையில் இந்தப் படிவம் குறுக்கிடுவதில்லை. மனமொத்த விவாகரத்துக்கு ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 13ஆ பிரிவு. மனுப் போட்ட பிறகு இன்னும் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஓராண்டைச் சட்டமே கேட்கிறது; அதில் அவள் பாதுகாப்பாக இருக்கிறாளா என்று கேட்பதைச் சட்டம் யாருடைய வேலையாகவும் ஆக்கவில்லை. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று நீதிபதிக்குக் கட்டளையிடுகிறது. முயலும் முன் ஆபத்தை அளந்து பார் என்ற கட்டளை அதில் இல்லை. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய மகளிர் காவல் நிலையங்களிலும், இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பும் வழக்கமே வேரூன்றியது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது கனமானது. பிரிவது ஆபத்து என்று சொல்லிச் சொல்லி, பெண்களை அந்த வீட்டிலேயே இருக்கச் செய்துவிட மாட்டோமா? உண்மைகளைப் பாதியில் நிறுத்தினால் அந்த அபாயம் உண்டு. 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்பது மடங்கைச் சொன்னது பிரிவைத் தனியாக வைத்து அல்ல. ஆட்டிப்படைக்கும் ஆணும் பிரிவும் சேர்வதை வைத்து. அந்த ஆணோடு ஒரே வீட்டில் இருந்தாலும் கழுத்து நெரிப்பும் மிரட்டலும் கொலை ஆபத்தின் அடையாளங்கள்தான் என்பதையும் இத்தகைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே இந்தச் சான்றுகள் இருந்துவிடு என்று சொல்லவில்லை, திட்டமிட்டுப் போ, தனியாகப் போகாதே என்று சொல்கின்றன. இரண்டாவது மறுப்பு, நடக்காத குற்றத்துக்காக ஓர் ஆணைச் சந்தேகிப்பது நியாயமா என்பது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கடலை யாரும் தண்டிப்பதில்லை, படகுகள் கரையேறுகின்றன. அதுபோல ஆபத்து மதிப்பீடு ஒருவனைக் குற்றவாளியாக்குவதில்லை. அவள் தங்குமிடத்தை வழக்கு ஆவணத்தில் மறைப்பது, வாய்தா நாளில் வெவ்வேறு நேரத்தில் வரச் சொல்வது, குழந்தையை மூன்றாம் நபர் முன்னிலையில் காட்டுவது போன்றவற்றால் நிரபராதியான ஓர் ஆண் இழப்பது மிகக் குறைவு. ஆண்களும் கொடுமைக்கு ஆளாவதில்லையா என்று கேட்பவர்களுக்கு, ஆளாகிறார்கள் என்பதே நேர்மையான பதில். அதே கேள்விகளை அவர்களிடமும் கேட்கலாம்.

மூன்றாவது மறுப்பு நம் மண்ணுக்கே உரியது. பெரியவர்கள் பேசிச் சேர்த்துவைத்த குடும்பங்கள் நன்றாக வாழவில்லையா? வாழ்ந்திருக்கலாம். பணத் தகராறு, மாமியார் மருமகள் மனக்கசப்பு, வேலை நிமித்தப் பிணக்கு ஆகியவற்றில் சமரசத்துக்கு இடம் உண்டு. ஒருவர் மற்றவருக்கு அஞ்சி நடுங்கும் இடத்தில் இருவரையும் சமமாக உட்காரவைத்துப் பேசுவது சமரசம் ஆகாது. அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் கணக்கு தீர்க்கப்படும். இதைக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளே ஏற்கின்றன: ஆலோசனையின்போது, எதிர்த்தரப்பு தன் வன்முறைக்கு நியாயம் சொல்ல அனுமதிக்கக் கூடாது என்கின்றன. எந்த வகைத் தகராறு என்று பிரித்தறியாமல் எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கும் வழக்கத்தைத்தான் கைவிடச் சொல்கிறேன். நான்காவதாக, படிவங்களால் உயிர் பிழைக்குமா என்ற ஐயம். படிவத்தால் மட்டும் பிழைக்காது. இங்கிலாந்தில் காவலர்கள் கேள்விகளைக் கடமைக்கு நிரப்பியதும், ஆபத்தைத் தவறவிட்டதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. கேள்வி கேட்டவர் அன்றே செயல்படும் ஏற்பாடு இருந்தால் பலன் உண்டு. மேரிலாண்ட் முறையை ஓக்லஹோமாவில் சோதித்த ஆய்வில், பின்தொடர்ந்து பார்த்த காலத்தில் வன்முறையின் கடுமையும் எண்ணிக்கையும் குறைந்திருந்தன.

அதனால் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பிரிவு, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு என்று எந்த மனு வந்தாலும், சமரசப் பேச்சுக்கு அனுப்பும் முன் மனைவியைத் தனியறையில் வைத்து அந்தக் கேள்விகளைக் கேட்பது குடும்ப நீதிமன்ற ஆலோசகரின் கட்டாய வேலையாக வேண்டும். மகளிர் காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு பாதுகாப்புத் திட்டப் படிவமும் நிரப்பப்பட வேண்டும். ஆபத்து தெரிந்தால் அன்றே குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் போக வேண்டும். அப்பா அம்மாவும் அண்ணன் தம்பியும் செய்ய வேண்டியதும் உண்டு. மகள் திரும்பி வந்தால், என்ன தகராறு என்று கேட்கும் முன், கழுத்தில் கை வைத்தானா, கொல்வேன் என்றானா, பின்னாலேயே வருகிறானா என்று கேட்க வேண்டும். ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைப் புறப்படும் முன்பே வேறிடத்தில் வைக்க வேண்டும். கைபேசியின் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். கடைசிப் பேச்சுக்கு அவளைத் தனியாக அனுப்பக் கூடாது. குழந்தையை ஒப்படைக்கும் இடம் ஆள் நடமாட்டமுள்ள பொது இடமாக இருக்க வேண்டும். அவசரம் என்றால் 112; ஆலோசனையும் தங்குமிடமும் வேண்டுமென்றால் 181. விட்டு வா என்று சொல்லும் உரிமை, வரும் வழியில் அவளோடு நடக்கத் தயாராக இருப்பவர்களுக்கே உண்டு. அந்தத் துணையை உறவினரின் நல்ல மனதுக்கு மட்டும் விட்டுவிடாமல் அரசின் கடமையாக்குவதைத்தான் 1878ஆம் ஆண்டுச் சட்டம் செய்யத் தவறியது. தமிழ்நாட்டின் குடும்ப நீதிமன்றங்கள் அந்தத் தவறை இன்னும் ஒரு நாள்கூடத் தொடர வேண்டியதில்லை. தேவையான படிவம் 2006இலிருந்தே அச்சில் இருக்கிறது.